கூழாங்குளத்தார் கால்வாசி மிச்சம் பிடித்த கதை

கூழாங்குளத்துக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கெட்டவனாக இருப்பதற்குக்கூடக் கொஞ்சம் யோசனை வேண்டும். அந்தச் சரக்கு அந்த ஊரில் விளையாது. விளைவதெல்லாம் மிளகாய்தான். குண்டு மிளகாய், நல்ல காரம். காயப்போட்டு மூட்டை பிடித்தால் எந்த மண்டியிலும் சொன்ன விலைக்குப் போகும். ஆனால் விலை சொல்லுகிறவன் கூழாங்குளத்துக்காரனாக இருந்தால், வாங்குகிறவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டால் வாயைத் துடைக்க வேண்டியிருக்கும்.

அப்பேர்ப்பட்ட ஊரில் போய்த் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தான் முத்திருளன். அவன் பள்ளிக்கூடத்தில் கற்றது குறைவு. மூட்டை தூக்கி முதுகு தேய்ந்து, ஏமாந்து ஏமாந்து புத்தி வந்து, இன்றைக்குச் சந்தைப்பேட்டையில் சொந்தமாக வத்தல் மண்டி வைத்திருக்கிறவன். தேங்காய் வாங்கினாலும் பேரம், அந்தத் தேங்காயைச் சாமிக்கு உடைத்தாலும் பேரம். கோபம் கூப்பிடுகிற தூரத்திலேயே நிற்கும். கல்யாணம் பேசப் போன அன்று, மாப்பிள்ளை வீட்டார் சீர் விஷயத்தில் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. முத்திருளன் மனம் குளிர்ந்து போய்த் தாம்பூலம் மாற்றிவிட்டான். ஏன் பேசவில்லை என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் உச்சி வெயிலில் தங்கச்சி பூமயில் வந்து வாசலில் நின்றாள். தலையில் துணிமூட்டை, இடுப்பில் ஒரு கோழி.

"என்ன தாயி, சொல்லாம கொள்ளாம?"

"அந்த மனுசனோட இனி என்னால முடியாதுண்ணே."

"அடிச்சானா?"

"அதெல்லாம் அவருக்கு வராது."

"குடிக்கிறானா?"

"மோர்தான்."

"பின்னே என்னதான் செஞ்சான்?"

"காட்டுல வெளஞ்ச வத்தல் மொத்தத்தையும் வித்தாரு. வித்த காசுக்கு வீட்டுக்கு மிளகாத்தூள் வாங்கிட்டு வந்துட்டாரு."

"மொத்தக் காசுக்குமா?"

"மொத்தக் காசுக்கும். இனி வருசம் பூரா தூளுக்குப் பஞ்சமில்ல பூமயிலுன்னு சந்தோசமாச் சொல்றாரு." கோழியைக் கீழே விட்டாள். "இனிமே வர்ற சம்பாத்தியத்துல கால்வாசியாவது மிச்சம் பிடிச்சு என் கையில கொண்டாந்து காட்டட்டும். அன்னிக்குப் போறேன். அதுவரைக்கும் எனக்கு இந்த வீடுதான்."

உள்ளே அடுப்படியில் ஒரு பாத்திரம் சத்தமாக வைக்கப்பட்டது. அது முத்திருளனின் பெண்டாட்டி செல்லக்கிளி தன் அபிப்பிராயத்தைச் சொன்ன விதம்.

அன்று முதல் அந்த வீட்டுக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. பூமயில் போட்டது போதாது என்று செல்லக்கிளியும், மதினி போட்டிருக்க மாட்டாள் என்று பூமயிலும். நடுவில் உட்கார்ந்து அதைத் தின்றவன் முத்திருளன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த செல்லக்கிளி, சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குள்ள உங்க தங்கச்சி அவ வீட்டுக்குப் போயிரணும். இல்லேன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிருவேன்."

செல்லக்கிளியின் அண்ணன் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதில் சூரர். இந்த உலகத்தில் முத்திருளன் பேரத்தில் தோற்ற ஒரே ஆள் அவர்தான். அவர் வீட்டுக்குப் போய்விட்ட பெண்டாட்டியைத் திருப்பிக் கூட்டிவர வேண்டுமென்றால் மண்டியையே எழுதித் தரச் சொல்லிக் கேட்பார்.

மறுநாளே கூழாங்குளத்துக்குப் போனான். மாப்பிள்ளை குருந்தன் களத்தில் உட்கார்ந்து காய்கிற வத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் விற்காத இரண்டாம் பறிப்பு அது. பக்கத்தில் அவன் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவன் மூக்கன், பனைமரத்துக்குத் தம்பி மாதிரி நெட்டையன். இன்னொருவன் சாத்தப்பன். ஊரிலேயே யோசிக்கிறவன் என்று இவனுக்குப் பெயர். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். அவன் கண்ணைத் திறந்தால் ஊருக்கு ஏதோ ஒரு நஷ்டம் வரப்போகிறது என்று அர்த்தம்.

"மாப்ளே," என்றான் முத்திருளன், கோபத்தைப் பல்லுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவைத்து. "மிச்சம் பிடிக்கிறது பெரிய வித்தை இல்ல. நாலு நோட்டு வந்தா மூணை வச்சுக் குடும்பத்தை ஓட்டு. நாலாவது நோட்டைத் தொடாதே."

"தொடவே கூடாதா மச்சான்?"

"தொடவே கூடாது. தொட்டா கையை ஒடிச்சுப்புடுவேன்."

மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். முத்திருளன் நிம்மதியாக ஊர் திரும்பினான்.

அடுத்த சந்தையன்று எதிர்த்த மண்டிக்காரர் தேடி வந்து டீ வாங்கிக் கொடுத்தார். பன்னிரண்டு வருஷத் தொழில் பகையில் அந்த மனுஷன் வெந்நீர்கூட வாங்கிக் கொடுத்தது கிடையாது.

"உங்க மாப்பிள்ளை தங்கமானவரு," என்றார். "அவரு கூட்டாளிகளும்தான். இந்தக் காலத்துல இப்படி ஆளுங்களா."

முத்திருளனுக்கு டீ கசந்தது. தம்ளரை வைத்துவிட்டு ஓடினான். குருந்தன் சந்தை வாசலில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பத்திரமாக நின்றிருந்தான்.

"மாப்ளே, சரக்கை அந்த ஆளுக்கா போட்ட?"

"சொந்தத்துக்குள்ள காசு பணம் பேசுனா பகை வரும்ல மச்சான். அதான் அங்க போட்டேன்."

"சரி தொலையட்டும். காசு எங்க?"

"நாலுல மூணு வாங்கிட்டேன். நாலாவது ஒவ்வொண்ணும் அவரு மேசையிலதான் இருக்கு. அவரு எடுத்துக்குங்க எடுத்துக்குங்கன்னு எவ்வளவோ சொன்னாரு. நானா தொடுவேன்? கையைப் பின்னால கட்டிக்கிட்டேன்."

மூக்கன் பெருமையோடு நடுவில் புகுந்தான். "நான் அதுக்கும் மேல, மச்சான். காட்டுலயே நாலாவது வரிசையைப் பறிக்காம விட்டுட்டேன். இப்பப் பாத்தா அத்தனையும் செடியிலேயே மிச்சமா அழுகிக் கிடக்கு."

முத்திருளன் நேராக எதிர்த்த மண்டிக்குப் போய்க் காசைக் கேட்டான். "அவங்க விட்டுட்டுப் போன காசை நான் எப்படிங்க வேற ஆள்கிட்ட கொடுக்கிறது? தர்மம் இல்லையே," என்றார் அந்த மண்டிக்காரர். பிறகு உருக்கமாக இன்னொரு டீ சொன்னார்.

"இங்க பாருங்கடா," என்று திரும்பி வந்து கத்தினான் முத்திருளன். மரியாதையெல்லாம் வழியிலேயே உதிர்ந்திருந்தது. "வர்ற காசு அத்தனையும் வாங்குங்க. தொடுங்க. ரெண்டு கையாலயும் தொடுங்க. செலவைக் குறைங்க. சோத்துக்குத்தான் பாதிக் காசு போகுது. அவனவன் வீட்டுல திங்கிறதைக் குறைங்க. தானா மிஞ்சும்."

சாத்தப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

கொஞ்ச நாள் கழித்து முத்திருளன் மறுபடியும் போனபோது, கூழாங்குளத்தின் எல்லைக்கு வரும் முன்னாலேயே கோழிக்குழம்பு வாசனை வந்தது. குருந்தன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் மூக்கன் வாழை இலை போட்டு உட்கார்ந்து எலும்பை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்.

"என் மாப்பிள்ளை எங்கடா?"

"சாத்தப்பன் வீட்டுல சாப்பிடுறான் மச்சான்."

"சாத்தப்பன்?"

"எங்க வீட்டுல."

முத்திருளன் மூன்று வீட்டுக்கும் நடந்து மூன்று பேரையும் தெருவுக்கு இழுத்து வந்தான். குருந்தன் கையைக்கூடக் கழுவவில்லை.

"நீங்க சொன்னபடிதான் மச்சான். எங்க வீட்டுல திங்கிறதைக் குறைக்கச் சொன்னீங்க. சுத்தமா நிறுத்திட்டோம். பூமயில் போன பின்னால என் வீட்டுல என் சோத்துச் செலவு இல்லவே இல்ல."

"மூக்கனுக்குக் கோழி அடிச்சது யாரு?"

"நாந்தான்."

"அது செலவில்லையா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்திருளனுக்காக வருத்தப்படுகிற பார்வை அது.

"அது விருந்து மச்சான்," என்றான் சாத்தப்பன் பொறுமையாக. "வீட்டுச் செலவு வேற, விருந்து வேற. வந்த ஆளுக்குக் கஞ்சி ஊத்த முடியுமா? ஊர் என்ன பேசும்?"

"தினமுமா கோழி?"

"தினமும்தானே வர்றாங்க."

"முன்னால அவனவன் வீட்டுல என்னத்தைத் தின்னீங்க?"

"கஞ்சிதான்," என்றான் மூக்கன். "அது செலவு. அதான் நிறுத்திட்டோம்."

அந்த ஊரில் சேவல் கூவி ஒரு வாரம் ஆகியிருந்தது. கூவுவதற்குச் சேவல் இல்லை. பூமயில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த கோழிக்குத்தான் ஆயுசு கெட்டி என்று முத்திருளன் நினைத்துக்கொண்டான்.

இனி வாயால் சொல்லிப் பயனில்லை என்று அவனுக்குப் பட்டது. குயவரிடம் போனான். பேரம் பேசிப் பாதி விலைக்கு ஒரு பெரிய மண் உண்டியல் வாங்கினான். காசு போட மேலே ஒரு கீறல். எடுக்க வழி கிடையாது, உடைத்தால்தான் உண்டு. அதைக் கொண்டுபோய்க் குருந்தன் கையில் கொடுத்தான்.

"அவனவன் வீட்டுல அவனவன் கஞ்சி. விருந்து கிருந்து கிடையாது. விக்கிற வத்தல் காசுல கால்வாசியை எண்ணி வாராவாரம் இதுக்குள்ள போடணும். போட்டபின்னால கைக்கு எட்டாத இடத்துல வை. பொங்கலுக்கு நான் வந்து உடைப்பேன். விளங்குச்சா?"

"விளங்குச்சு மச்சான்," என்றார்கள் மூவரும். அதைக் கேட்டபின் முத்திருளன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஊருக்கு நடந்தான்.

அவன் தலை மறைந்ததும் கூட்டம் கூடியது.

"கைக்கு எட்டாத இடம்னாரே, யாரு கைக்கு?" என்று ஆரம்பித்தான் சாத்தப்பன்.

"என் கைக்குத்தான். என் காசுல்ல," என்றான் குருந்தன். தலைக்கு மேலே பரண் மாதிரி இருந்த அட்டத்தில் வைத்தார்கள். மூக்கன் நின்ற இடத்திலிருந்தே எடுத்துக் காட்டினான்.

"மூக்கன் கைக்கும் எட்டக் கூடாது," என்று முடிவானது. பனைமரத்து உச்சியில் கட்டலாம் என்று மூக்கனையே ஏற்றினார்கள். ஏறி நின்றவன் மேலேயிருந்து கூப்பிட்டான். "இங்கேயும் எட்டுதேப்பா."

"கிணத்துல போட்டா?"

"நான் முங்கி எடுத்துருவேன்," என்றான் சாத்தப்பன் வருத்தத்தோடு. நன்றாக நீச்சல் தெரிந்தவன்.

சாத்தப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அப்போது கோயில் காளை தெருவில் வந்தது. செவலைக் காளை. யாரையும் கிட்ட அண்டவிடாது. போன திருவிழாவில் பூசாரியையே வைக்கோல்போர் மேல் ஏற்றி வைத்த காளை.

சாத்தப்பன் கண்ணைத் திறந்தான்.

பருத்திக்கொட்டையைக் கூடையில் கொட்டி வைத்தார்கள். காளை தலையைக் கூடைக்குள் விட்ட சமயம் பார்த்து உண்டியலைக் கயிறு போட்டு இரண்டு கொம்புக்கும் நடுவில் கட்டிவிட்டார்கள். காளை நிமிர்ந்தது. குருந்தன் இரண்டடி முன்னால் வந்து கையை நீட்டிப் பார்த்தான். அடுத்த நொடி வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தான். முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "எட்டலை," என்றான் மனநிறைவோடு. "எட்டவே இல்ல."

பங்குனிப் பொங்கலுக்கு முந்தின நாள். வீட்டில் செல்லக்கிளி டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டி வைத்திருந்தாள். முத்திருளன் ஓட்டமும் நடையுமாகக் கூழாங்குளம் வந்தான். ஊருக்கு வெளியே தரிசில் ஒரே புழுதி. புழுதிக்கு முன்னால் காளை ஓடியது. காளைக்குப் பின்னால் குருந்தனும் மூக்கனும் சாத்தப்பனும் மூச்சிரைக்க ஓடி ஓடி எதையோ வீசினார்கள். அவர்களுக்குப் பின்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், குனிந்த முதுகு நிமிராமல், மெதுவாக, சந்தோஷமாக வந்தார்கள்.

"மாப்ளே," என்று கத்தினான் முத்திருளன். "என்னத்தைடா எறியிறீங்க?"

"காசு மச்சான்," என்று ஓடிக்கொண்டே சொன்னான் குருந்தன். "வாராவாரம் போடணும்னு சொன்னீங்கள்ல? நோட்டு காத்துல பறக்குதுன்னு எல்லாத்தையும் சில்லறையா மாத்திட்டோம்."

"உண்டியலுக்குள்ள விழுதா?"

"இன்னும் விழலை. கீறல் சின்னதா இருக்கு. அது வேற தலையை ஆட்டிக்கிட்டே ஓடுது. உள்ள விழுந்தா மிச்சம், வெளிய விழுந்தா செலவுன்னு வச்சிருக்கோம். இதுவரைக்கும் செலவுதான்."

முத்திருளன் அப்படியே புழுதியில் உட்கார்ந்தான். தன் பெண்டாட்டி டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறுவது அவன் கண்ணில் தெரிந்தது. மாட்டுத் தரகர் துண்டை உதறி, அதற்கடியில் விரலை நீட்டுவது தெரிந்தது. வாழ்நாளில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தான். மடியை அவிழ்த்து, சொந்தக் காசிலிருந்து ஆயிரம் ரூபாயை எடுத்து, கேட்காத ஆளுக்கு நீட்டினான்.

"மாப்ளே, இதைப் பிடி. இதுதான் நீ பிடிச்ச மிச்சம். நாளைக்குக் கொண்டாந்து பூமயில் கையில கொடு. கூட்டிட்டுப் போ."

குருந்தன் வாங்கவில்லை. "இது எப்படி மச்சான் மிச்சமாகும்? சம்பாத்தியமே இல்லாம மிச்சம் வருமா?"

அந்த ஊரில் ஒருவன் சரியாகப் பேசி முத்திருளன் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சரிடா, சம்பாத்தியம்னே வச்சுக்க."

"அப்ப இதுல கால்வாசிதான் மிச்சம். இருநூத்தம்பது."

"இருநூத்தம்பதுக்கு அவ மசிய மாட்டாடா. ஆயிரமாவது காட்டணும்."

"ஆயிரம் மிச்சம்னா நாலாயிரம் சம்பாத்தியம் வேணும்ல?" என்றான் சாத்தப்பன்.

"ஆயிரத்து ஐந்நூறு தர்றேன். முழுசையும் அவகிட்ட கொடுத்துரு."

"முழுசையும் கொடுத்தா முழுசும் மிச்சமாயிருமே மச்சான். அவ கேட்டது கால்வாசி. கூடப் போனா அதுக்கும் கோவிச்சுக்குவா."

"ரெண்டாயிரம்."

"நாலாயிரம் மச்சான்."

"மூவாயிரம். கடைசி விலை."

"நான் விலை சொல்லலை மச்சான்," என்றான் குருந்தன் பணிவாக. "எனக்கு விலை பேசத் தெரியாது. கால்வாசி எவ்வளவோ அவ்வளவுதான்."

முத்திருளன் நாலாயிரத்தை எண்ணிக் கொடுத்தான். தரகருக்கு அப்புறம் தன்னைப் பேரத்தில் ஜெயித்தவன் இவன்தான் என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனான். மாட்டுத் தரகர் கையில் அகப்படுவதற்கு இது மலிவு என்று பாதி வழியில் தேற்றிக்கொண்டான்.

பொங்கலன்று காலையில் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. நாயனம், தவில், முன்னால் வெடி, பின்னால் மாலை போட்ட டிராக்டர். டிராக்டரில் கூழாங்குளமே நின்றிருந்தது. குருந்தன் புது வேட்டி கட்டி இறங்கினான். நாலாயிரத்தில் மற்ற மூவாயிரம் எங்கே போனது என்று கேட்க வேண்டிய அவசியம் முத்திருளனுக்கு இருக்கவில்லை. காது கிழிந்தது.

பூமயில் வாசலுக்கு வந்தாள். குருந்தன் ஆயிரத்தை நீட்டினான்.

"சம்பாத்தியம் நாலாயிரம். மிச்சம் ஆயிரம். எண்ணிப் பாத்துக்க."

அவள் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். முந்தியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. துணிமூட்டையையும் கோழியையும் எடுத்துக்கொண்டு டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள். செல்லக்கிளி அடுப்படியிலிருந்து சிரித்த முகத்தோடு வந்து குங்குமம் கொடுத்தாள். முத்திருளன் தூணில் சாய்ந்து கண்ணை மூடினான். மேளச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து ஊரைத் தாண்டியது. நாலாயிரம் போனாலும் வீடு தப்பித்தது.

கண்ணைத் திறந்தபோது வீட்டின் உள்கட்டில் யாரோ இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைக்கிற சத்தம் கேட்டது.

குருந்தன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"மாப்ளே, நீ போகலையா?"

"எப்படி மச்சான் போறது? அவ இங்க இருந்தவரைக்கும் அங்க ஒரு ஆள் செலவுதான். அதனாலதான் மிச்சம் பிடிக்க முடிஞ்சுது. இப்ப நானும் போனா ரெண்டு ஆள் செலவு. பிடிச்ச மிச்சம் ஒரு மாசத்துல கரைஞ்சுரும். கிளம்புறதுக்கு முன்னால டிராக்டர்லயே கூட்டம் போட்டுப் பேசிட்டோம். பூமயிலும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சரிதான்னு சொல்லிட்டா. இனிமே அவ அங்க, நான் இங்க."

"எத்தனை நாளைக்குடா?"

"மிச்சம் பிடிக்கிறதுக்கு ஏது மச்சான் நாள் கணக்கு?"

முத்திருளன் வாயைத் திறப்பதற்குள் பின்னால் தரையில் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. செல்லக்கிளி டிரங்குப் பெட்டியை இழுத்துத் தூக்கிக்கொண்டு, இரண்டு பேரையும் திரும்பிப் பார்க்காமல், வாசலைத் தாண்டி, பஸ் போகிற பக்கமாக நடந்தாள்.

குருந்தன் எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மச்சான், அக்காவுக்குச் சட்டுனு விளங்கிருச்சு. இனி உங்க வீட்டுலயும் மிச்சம்தான்." இலையை இன்னொரு தடவை துடைத்துவிட்டு நிமிர்ந்தான். "சோறு எப்ப வடிப்பீங்க?"